திரை விலகும் வரை

பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் திருவிழா. இரவு 11 மணி தாண்டிவிட்டது. மத்தளமும் முகவீணையும் சூடு பிடிக்கிற நேரத்தில் இரண்டு பேர் ஒரு வேட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு களத்துக்கு நடுவே வந்து நிற்கிறார்கள். வேட்டிக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய இரண்டு கால்கள். உள்ளிருந்து திரை விருத்தம் கேட்கிறது. கிரீடம் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது. சலங்கை அதிர்ந்து ஓய்கிறது. வருவது யார், வருவது யார் என்று கட்டியக்காரன் கூட்டத்தைக் கிளறிக்கொண்டே இருக்கிறான். தூங்கிப்போன பிள்ளைகளைத் தாய்மார்கள் தட்டி எழுப்பி உட்கார வைக்கிறார்கள். அதற்கும் பிறகுதான் வேட்டி விலகி, துரியோதனனின் முகம் வெளிச்சத்துக்கு வருகிறது.

வரப்போவது துரியோதனன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கடைசி நாள் படுகளத்தில் அவன் மண்ணுருவாகக் கிடக்கப்போவதும் தெரியும். கட்டை கட்டி, அரிதாரம் பூசி அந்த வேஷம் எழும்ப எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதைக்கூடக் கொட்டகை ஓரம் எட்டிப் பார்த்த பையன்கள் அறிவார்கள். இருந்தும் அந்தப் பத்து நிமிஷம் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

காட்சி நுட்பம் பெரிதா, கதை பெரிதா என்று இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வேட்டிதான். அரிதாரமும் அடவும் நுட்பம், பாரதம் கதை. இரண்டையும் கட்டிப் போட்டது காத்திருப்பு. ஒரு படம் கண்ணைப் பறிக்கிறதா என்பதோடு நான் நிற்பதில்லை. யாருக்காக, எதற்காக நம்மைக் காக்க வைத்தது, திரை விலகியபோது அங்கே யார் நின்றார்கள் என்று கேட்கிறேன். கடலூர், சிதம்பரம் மண்ணை ஒட்டியே தமிழ்த் திரையின் சில மரபுகளை இந்தப் படியால் அளந்து பார்க்கலாம்.

சிதம்பரத்தில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். கோபுர வாயிலின் உட்புறச் சுவர்களில் 108 கரணங்களும் கல்லில் நிற்கின்றன. கால் எங்கே, கை எங்கே, இடுப்பு எவ்வளவு வளையும் என்பதற்கு அதைவிடத் துல்லியமான இலக்கணம் இல்லை. 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலியில் ஆட வருகிறவர்கள் அந்த வாயிலைக் கடந்துதான் போகிறார்கள். நிருத்தம் தனி, அபிநயம் தனி என்று பாடம் சொல்கிற ஆசான்களும் ஒன்றை விட்டு மற்றொன்றை ஆடச் சொன்னதில்லை. உள்ளே சிற்சபையிலோ, ரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டும் இடத்தில் தங்க வில்வ மாலை தொங்குகிறது; உருவம் என்று ஒன்றும் இல்லை.

அந்தத் திரைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரின் கதையைத்தான் நம் சினிமா ஆரம்ப காலத்திலேயே கையில் எடுத்தது. நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்றே பெயர். தில்லைக்கு நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று அவராக நாளைத் தள்ளவில்லை. சாதி வாசலை அடைத்து வைத்திருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் அதைக் கீர்த்தனைகளாக்கி, வேதியர் என்ற பண்ணையாரையும் கதைக்குள் கொண்டுவந்தார். 1935இல் மாணிக்லால் டாண்டன் இயக்கிய 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அவருக்குத் தரப்பட்ட சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்த நாளில் நாடே வாய் பிளந்த தொகை அது. 1942இல் ஜெமினி, எம்.எம். தண்டபாணி தேசிகரை வைத்து மறுபடியும் 'நந்தனார்' எடுத்தது, இயக்கம் முருகதாசா.

நந்தனார் கதையைப் படமாக்குகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு இடங்களில் கேமராவின் ஜாலத்தை நம்பித்தான் ஆகவேண்டும். திருப்புன்கூரில் நந்தி விலகவேண்டும். தில்லையில் நந்தனார் தீக்குள் புகுந்து எழவேண்டும். இன்றைய கிராபிக்ஸில் அரை நாள் வேலை. ஆனால் நந்தி விலகும்போது நமக்கு மயிர்க்கூச்செறிவது கல் நகர்ந்ததால் அல்ல. அதற்கு முன்னால் ஒரு மனிதர் சந்நிதிக்கு நேரே தெருவில் நின்று, கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் அவரோடு நின்றோம். தீக்காட்சி அப்படியல்ல. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசந்துபோகிறது. தீயை அழகாகக் காட்டிவிட்டு, வாசலை அடைத்தவர் யார் என்பதை மறக்கடிக்கவும் இந்தக் கலைக்கு வலு உண்டு. காட்சி நுட்பத்தைப் பற்றிப் பேசும் எவரும் இதைக் கவனிக்காமல் போகக் கூடாது.

அதே ஜெமினியின் எஸ்.எஸ். வாசன் 1948இல் 'சந்திரலேகா'வைக் கொண்டுவந்தார். ஐந்து வருஷ உழைப்பு, சுமார் 30 லட்சம் ரூபாய் செலவு. பிரம்மாண்ட மரபின் தலைவாசல் என்று அதைச் சொல்கிறோம். அதன் முரசு நடனத்தைத் துண்டாக வெட்டி எடுத்து, செட்டையும் ஆட்களின் எண்ணிக்கையையும் மட்டும் புகழ்வது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. அந்த முரசுகளுக்குள்ளே வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்பதை விட்டுவிடுகிறோம். ஆட்டம் முடிந்ததும் தோல் கிழிந்து ஆட்கள் வெளியே பாய்கிறார்கள். கல்யாண வீடு போர்க்களமாகிறது. அத்தனை பெரிய முரசு ஏன் வேண்டும் என்ற கேள்விக்குக் கதையே பதில் வைத்திருக்கிறது. அலங்காரத்தின் வயிற்றுக்குள் கதையை வைத்து மூடிய அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பின்னால் வந்த பல பிரம்மாண்டங்கள் மறந்தன. முரசு மிஞ்சியது, உள்ளே ஆள் இல்லை.

அடுத்து வசன மரபு. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. காது ஆண்ட காலம் அது. அந்தக் காலத்தின் ஓரத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஒருவர் வேறு பாதையில் வந்து நின்றார். ஜெயகாந்தன் தன்னுடைய கதையைத் தானே 1965இல் 'உன்னைப் போல் ஒருவன்' என்று படமாக்கினார். சேரிப் பையன் சிட்டி, அவன் அம்மா தங்கம், ஒரு கிளி ஜோசியன். நட்சத்திரம் இல்லை, பாட்டு நடனம் இல்லை. தேசிய விருது கிடைத்தது. தியேட்டர்காரர்கள் கூட்டம் வருமா என்று யோசித்தார்கள். கதையே போதும் என்பவர்களுக்கு அவர் ஒரு கொடி. எனக்கு அவரிடம் மதிப்பு அதிகம். ஆனாலும் அவர் வழியில் வந்த சிலர், கேமரா எங்கே நிற்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அது ஜெயகாந்தன் சொன்ன பாடமல்ல. நாவலில் எந்த வாக்கியத்தில் கதவைத் திறப்பது என்று அவருக்குத் தெரிந்த அளவு இங்கே வேறு யாருக்குத் தெரியும்?

ஸ்ரீதரும் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்டும் 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எடுத்தபோது ஒரு மருத்துவமனை செட்டுக்குள்ளேயே ஏறக்குறைய முழுக் கதையையும் முடித்தார்கள். கட்டிலுக்கு அடியில் புகுந்து நகரும் அந்தக் கேமராவை இன்றைக்கும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். கட்டிலில் கணவன், அருகில் மனைவி, அதே கட்டடத்தில் அவளுடைய பழைய காதலன் டாக்டராக. மூன்று பேருக்கும் ஒதுங்க இடம் இல்லை. கேமராவும் இடுக்கில்தான் நுழையவேண்டியிருந்தது.

பாலு மகேந்திராவிடம் வந்தால் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். மட்டக்களப்புப் பக்கம் பிறந்து, புனேயில் ஒளிப்பதிவு படித்து வந்தவர். ஜன்னல் வழியே என்ன வெளிச்சம் வருகிறதோ அதை வைத்துப் படமெடுக்கலாம் என்று தமிழ் சினிமாவுக்குக் காட்டியவர்களில் முதல் வரிசைக்காரர். 'மூன்றாம் பிறை'யின் ஊட்டிப் பனியை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது 'வீடு'. நடுத்தர வர்க்கத்துப் பெண் ஒருத்தி சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்த படம்.

அதில் தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டி நிற்கிற வீட்டைப் பார்க்க ஒருநாள் தனியாகக் கிளம்பி வருகிறார். பூசாத செங்கல் சுவர். அதன் மேல் கையை வைக்கிறார். தடவுகிறார். அறை அறையாக நடக்கிறார். வசனம் கிடையாது. எங்கும் எடுபடுகிற வெளிச்சம் கிடையாது. சிமென்ட் வாடை நம் மூக்கில் ஏறுகிறது. பார்வையாளனை மூழ்கடிக்கும் படம் என்று இப்போது அடிக்கடி சொல்கிறார்கள்; நான் முழுசாக மூழ்கியது அந்தச் செங்கல் சுவருக்கு முன்னால்தான். ஒன்றரை மணி நேரம் மணலுக்கும் கம்பிக்கும் பர்மிட்டுக்கும் அந்தக் குடும்பத்தோடு அலைந்திருக்கிறோம். அந்த அலைச்சல் இல்லாவிட்டால் அது வெறும் சுவர். அந்த ஒளி இல்லாவிட்டால் அது வெறும் வசனமாகியிருக்கும்.

பி.சி. ஸ்ரீராமின் இருட்டு இதற்கு அடுத்த படி. 'நாயகன்' ஒளிப்பதிவுக்கும், தோட்டா தரணியின் கலை இயக்கத்துக்கும், கமல்ஹாசனின் நடிப்புக்கும் தேசிய விருதுகள் சேர்ந்தே வந்தன. ஒரே படத்தில் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதன் பிறகு அந்த நிழலையும் புகையையும் மட்டும் நகலெடுத்த படங்களுக்குக் கணக்கில்லை.

இனி நம் மாவட்டத்துக்கே வருகிறேன். 2008 ஜூன் 13 அன்று 'தசாவதாரம்' வெளியானபோது நான் சிதம்பரத்தில் படம் பார்த்தேன். கே.எஸ். ரவிகுமார் இயக்கம், கதையும் திரைக்கதையும் கமல்ஹாசன், ஒளிப்பதிவு ரவி வர்மன். கதை ஆரம்பிப்பதே சிதம்பரத்தில். இரண்டாம் குலோத்துங்கன் கோவிந்தராஜப் பெருமாளைப் பெயர்த்துக் கடலில் போடுகிறான். ரங்கராஜ நம்பி மறிக்கிறார். முதுகுத் தோலில் கொக்கி மாட்டி அந்தரத்தில் தூக்குகிறார்கள். கோயிலில் இருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது வேறு எந்த ஊர்க்காரனுக்கும் கிடைக்காத அனுபவம். தியேட்டரில் ஒருவர் கூட இருமவில்லை. 'ஓம் நமசிவாய' என்று ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற இடத்தில் அந்த மனிதர் என்ன செய்யப்போகிறார் என்று காத்திருந்தோம். கொக்கியும் ரத்தமும் கிரேனும் அந்தக் காத்திருப்புக்குள் அடங்கிக் கிடந்தன.

பிறகு 2004க்குக் கதை தாவுகிறது. பத்து வேஷம், மைக்கேல் வெஸ்ட்மோரின் ஒப்பனை. ஒவ்வொரு முகம் வரும்போதும் இதை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டோம். அந்த முகங்களுக்கு என்ன ஆகும் என்ற கவலை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் சுனாமி வருகிறது. கதை சுற்றிவந்த கிருமியைக் கடலின் உப்பு அழிக்கிறது. சிலை கரை ஒதுங்குகிறது. தேவனாம்பட்டினமும் அதை ஒட்டிய குப்பங்களும் 2004 டிசம்பர் 26 அன்று கண்டது அந்த அலையைத்தான். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. படம் வந்தபோது அது நடந்து நான்கு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு முன் வரிசையில் ஒரு பெண் அலை எழும்பியதும் தலையைக் குனிந்துகொண்டவர், விளக்கு போடும் வரை நிமிரவில்லை. திரையில் அலை நன்றாகத்தான் செய்யப்பட்டிருந்தது. அது ஒரு கணக்கை முடித்துவைக்க வந்த அலை. எங்கள் ஊர் அலைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. முதல் காட்சியில் ஒரே ஒரு மனிதரின் உடம்பை அத்தனை கருத்தாகக் காட்டிய கேமரா, இங்கே பல ஆயிரம் பேரைத் தூரத்திலிருந்து பார்த்தது. கமல்ஹாசனின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே படத்துக்குள் உயர்ந்த அளவுகோலையும் அதிலிருந்து விலகும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கக் கிடைத்ததால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) பற்றி ஒன்றே ஒன்று. சூரியன் இறங்கும்போது நிழல் நீண்டு நடராஜராக விழுகிறது. அந்த நிழலுக்குள்ளேயே ஓடித் தப்பவேண்டும். தில்லைக்காரனுக்கு அதைவிட நல்ல காட்சி ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

பிச்சாவரத்தை 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். காட்டினார், 'துப்பறிவாள'னில் மிஷ்கின் காட்டினார். தில்லை என்ற பெயரே அந்த அலையாத்திக் காட்டு மரத்தின் பெயர். துடுப்புப் படகில் போனால் பத்தடிக்கு ஒரு திருப்பம். சுரபுன்னையின் வேர் இரண்டு பக்கமும் விழுதுபோல் இறங்கி, அடுத்து என்ன என்று தெரியாதபடி மறைக்கிறது. இப்போது பறக்கும் கேமராவை மேலே ஏற்றி, மொத்தக் காட்டையும் ஒரே வீச்சில் பச்சைப் பாயாக விரித்துவிடுகிறார்கள். அழகுதான். ஆனால் படகுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதுல வழி எங்க சார் தெரியுது?"

'பொன்னியின் செல்வ'னுக்கு வருவோம். 1950 அக்டோபரில் கல்கி தொடராக எழுத ஆரம்பித்தபோது வந்தியத்தேவனின் குதிரையை அவர் நிறுத்தியது நம் வீராணம் ஏரிக்கரையில். ஆடிப்பெருக்கு நாள், நுரை பொங்கும் மதகுகள். அந்தக் கரைக்கு ஒரு மூடுபல்லக்கு வருகிறது. திரை லேசாக விலகி ஒரு பெண்ணின் கை, பிறகு அரைகுறையாக ஒரு முகம். நந்தினியைக் கல்கி அப்படித்தான் கொண்டுவந்தார். அன்று இரவே கடம்பூர் மாளிகையில் அதே பல்லக்கின் திரை மறுபடி விலகும்; வெளியே வருவது வேறு ஆள். கூத்தில் வேட்டி பிடிக்கிறவரின் சூட்சுமம் அந்த எழுத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் இதழ் வரும் வரை தமிழ்நாடு காத்திருந்தது.

மணிரத்னத்தின் படம் ஏரிக்கரையில் தொடங்கவில்லை, போர்க்களத்தில் தொடங்குகிறது. ஐந்து பாகத்தை இரண்டு படங்களாக, ஐந்தரை மணி நேரத்துக்குச் சுருக்கவேண்டிய நெருக்கடி. 2022 செப்டம்பர் 30 அன்று முதல் பாகம் ஐமேக்ஸ் திரையிலும் வந்தது. ரவி வர்மனின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது. ரஹ்மானின் பின்னணி இசைக்கும் ஆனந்த் கிருஷ்ணமூர்த்தியின் ஒலி வடிவமைப்புக்கும் கிடைத்தது. முதல் பாகத்தில் குதிரை ஓடிக்கொண்டே இருந்ததாக எனக்குப் பட்டது. ஊர்களும் பெயர்களும் நம்மைக் கடந்து போயின. ஏரியை ஒரு நிமிஷம் பார்க்க விடவில்லையே என்று ஏங்கினேன். இரண்டாம் பாகத்தில் அந்த ஏக்கம் தீர்ந்தது. கடம்பூர் மாளிகையின் ஓர் அறை. ஆதித்த கரிகாலனும் நந்தினியும் மட்டும். விளக்கு வெளிச்சம், இரண்டு முகங்கள், இடையில் ஒரு கத்தி. யானைப் படையும் கப்பலும் செய்யாததை அந்த அறை செய்தது.

கரிகாலன் கொலையின் கடைசிச் சாட்சியும் இங்கேதான் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற குற்றத்துக்காக ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் முதலானோரின் உடைமைகள் பறிக்கப்பட்டது பற்றிப் பேசுகிறது. படம் வந்த பிறகு இளைஞர்கள் பலர் அதைத் தேடி வருகிறார்கள். எழுத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர் யாராவது வருவாரா என்று நிற்கிறார்கள். ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய விருது எனக்குத் தெரியாது.

நுட்பத்தையே தலைப்பில் நிறுத்தும் மரபும் ஒன்று வளர்ந்திருக்கிறது. ஷங்கரின் '2.0' முப்பரிமாணக் கேமராவிலேயே எடுக்கப்பட்டது. பார்த்திபனின் 'இரவின் நிழல்' (2022) ஒரே ஷாட்டில், முன்னும் பின்னும் தாவும் கதை. ரஷ்யாவில் சோகுரோவ் 2002இல் ஓர் அரண்மனை அருங்காட்சியகத்துக்குள் ஒரு முழுப் படத்தை வெட்டாமல் எடுத்ததை உலகம் கொண்டாடியது. நம் ஆள் அதற்கு ஒரு படி மேலே, காலத்தையும் புரட்டிப் போட்டார். படத்துக்கு முன் அரை மணி நேரம் அதை எடுத்த விதத்தைக் காட்டினார்கள். எத்தனை முறை கடைசி நேரத்தில் தவறியது, எத்தனை பேர் அழுதார்கள் என்று பார்த்தபோது நெஞ்சு கனத்தது. அதற்குப் பிறகு படம் ஓடும்போது என் கண் கதாநாயகன் நந்துவைப் பார்க்கவில்லை. செட்டின் சுவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் உதவியாளர்களைத் தேடியது. அந்த உழைப்பைப் படம் முடிந்த பிறகு காட்டியிருந்தால் நந்துவின் துயரம் எனக்கு இன்னும் நெருக்கமாக வந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

தங்கர் பச்சானை இங்கே கடைசியாக வைத்தது வேண்டுமென்றேதான். பண்ருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டைக்காரர். 'காதல் கோட்டை', 'பாரதி' போன்ற படங்களின் ஒளிப்பதிவாளர். அதற்கும் முன்னால் சிறுகதைக்காரர். தன் 'கல்வெட்டு' கதையை 2002இல் 'அழகி' ஆக்கினார். தன் நாவலை 2007இல் 'ஒன்பது ரூபாய் நோட்டு' ஆக்கினார். எழுதிய கையும் கேமரா பிடித்த கையும் ஒன்றே. மாதவப் படையாட்சியாகச் சத்யராஜ் அந்தச் செம்மண்ணில் நடக்கும்போது, பலாவும் முந்திரியும் பின்னணியாக நிற்கவில்லை. விட்டுப்போகிற சொத்தாக, விட்டுப்போகிற உறவாக நிற்கின்றன. எந்த மரம் எந்த மாதத்தில் எப்படி நிழல் விழுத்தும் என்று தெரிந்தவர் எடுத்த ஒளி அது. சில இடங்களில் அவர் சொல்லவேண்டியதைப் பாத்திரங்களே உரக்கப் பேசிவிடுகிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு. 2011இல் 'தானே' புயல் அந்தப் பலாக்களையும் முந்திரிகளையும் வேரோடு சாய்த்த பிறகு அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். குறை எதுவும் கண்ணில் படவில்லை.

போன தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தேன். 1872இல் வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபை. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, எல்லாம் கலந்த ஒன்று என ஏழு திரைகள். ஒவ்வொன்றாக விலகி, பின்னால் ஜோதி. காலை 6 மணி தரிசனம். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் கல்லூரிப் பையன் ஒருவன் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கி, திரை நீங்குவதைப் பதிவு செய்துகொண்டிருந்தான். மூன்று திரை போயிருக்கும். பின்னாலிருந்து ஒரு பாட்டி அவன் தோளைத் தொட்டார்.

"போனைக் கொஞ்சம் இறக்கிக்கோ சாமி. எனக்குத் தெரியல."

இறக்கிக்கொண்டான். பாட்டியை முன்னால் விட்டு, அவர் தலைக்கு மேலாகப் பார்த்தபடி நின்றான். நான்காவது திரை நகர்ந்தது.